பல்லடத்திலிருந்து திரும்பி வந்த கிரைண்டர்

ஆவணி 4, புதன்

இன்று காலை வாசலில் இருந்தவர்கள்: நான் பாவாத்தாள், என் மகன் தங்கவேல், மருமகள் சிவகாமி, பால் ஊற்ற வந்த மாராக்காள், எதிர்வீட்டு லலிதா டீச்சர், வாயில் பிரஷ்ஷோடு டீச்சரின் வீட்டுக்காரர், குட்டியானை வண்டியின் டிரைவர் ஒருவன். அவன் பேரும் கேட்டு வைத்திருக்கிறேன், கதிரேசன். இத்தனை பேர் கண் முன்னால்தான் அது நடந்தது. நாளைக்கு ஒருவரும் "நான் பார்க்கவில்லையே" என்று நழுவக் கூடாது. அதனால்தான் பேர்களை முதலில் எழுதினேன்.

பல்லடத்தில் என் பேத்தி தாரணியைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து, நாங்கள் சீராக வைத்த கிரைண்டர் திரும்பி வந்துவிட்டது.

கதிரேசன் அதை இறக்கிப் படியில் வைத்தான். "பல்லடத்தம்மா குடுத்து உட்டாங்கங். சத்தம் வருதாமா, டிரம்மு சுத்த மாட்டேங்குதாமா. அவிய புது ஊட்ல இதுக்கு எடம் இல்லையாமா. இங்கியே இருக்கட்டும்னாங்க."

"எடம் இல்லைன்னா சொன்னாங்க?"

"ஆமாங். வாடகையும் அவியளே குடுத்துட்டாங்க. நீங்க ஒண்ணும் தர வேண்டாங்."

அதையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறான்.

மாராக்காள் பால் அளக்கிற கையை அப்படியே நிறுத்தி, "இது தாரணி சீர்ல வெச்சதுதானுங்களே? ரோஸ் ரிப்பன் கட்டி?" என்றாள். ரோஸ் இல்லை, சிவப்பு. கட்டியவள் நான், எனக்குத் தெரியாதா. டீச்சர் சிரித்தாள். என் தேங்காய்த் துருவியைத் தாரணி பிறந்த வருடம் வாங்கிக்கொண்டு போய் இன்னும் தராதவள் அவள். சிரிக்கிறாள்.

தை மாதம் கல்யாணம். மண்டபத்தில் கட்டில், பீரோ, குத்துவிளக்கு, பாத்திரம் எல்லாம் வரிசையாக வைத்திருந்தோம். நடுவில் இந்தக் கிரைண்டர், அது மட்டும் என் கைக்காசு. மைக்செட்காரனிடம் நானே போய், "மணப்பெண்ணின் அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனியில் செய்த கிரைண்டர்" என்று சொல்லச் சொன்னேன். சொன்னான். எல்லாருக்கும் கேட்டிருக்காது என்று இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னேன். இப்போது தோன்றுகிறது, ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம்.

வருகிற ஆவணி பத்தொன்பது அன்று சம்பந்தி மரகதம் வீட்டில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள். ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் வரும். வருகிறவர்கள் நேராகச் சமையலறைக்குத்தான் போவார்கள், மருமகள் கொண்டுவந்தது என்னென்ன என்று பார்ப்பார்கள். கிரைண்டர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கும். அதற்குப் பக்கத்தில் தாரணி நிற்பாள்.

அது நடக்கக் கூடாது. புதுசு வாங்கிக்கொடுத்து மூடுகிற வேலையும் ஆகாது. அப்படிச் செய்தால் நாங்கள் வைத்த சீர் சொத்தை என்று நானே ஒத்துக்கொண்டதாகும். இதே கிரைண்டர் அந்தச் சமையலறையில் ஓடவேண்டும்.

எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறு என்கிறது. மூட்டுவலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஆவணி 5, வியாழன்

தாரணியிடம் பேசினேன். "பரவால்லைங்க அப்பத்தா" என்று குரலைத் தணித்துச் சொன்னாள். எட்டுப் பேருக்கு மிக்ஸியில் மாவு அரைக்கிறாளாம். இட்லி கல் மாதிரி வருகிறதாம். "அத்தை ஒண்ணுமே சொல்றதில்லைங்க அப்பத்தா. ஒவ்வொரு வாய்க்கும் என்னையப் பாத்துட்டே சாப்பிடறாங்க." பின்னால் மரகதத்தின் குரல் கேட்டது. "பேரன் செஞ்ச கிரைண்டரு! மைக்குல ரெண்டு தரம் சொன்னாங்கல்லோ!"

ரெண்டு தரம் என்பதைக் கணக்கு வைத்திருக்கிறாள். இருக்கட்டும், எனக்கும் கணக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று எனக்கு ஆறிப்போன காப்பி கொடுத்தவள் அவள்.

பிறகு நவநீதனுக்கு அடித்தேன். தாரணியின் அண்ணன். கோயமுத்தூரில் அந்தக் கிரைண்டர் கம்பெனியில்தான் இன்ஜினீயர், உள்ளே இருக்கிற சாமான்களை வரைந்து கொடுக்கிற வேலை. போன வருடம் நல்ல யோசனை சொன்னவன் என்று மேடையேற்றி ஷீல்டு கொடுத்தார்கள். என்னடா யோசனை என்று கேட்டதற்கு, "ஒரு சின்னச் சாமானை மாத்துனேன் அப்பத்தா, கம்பெனிக்கு நல்ல மிச்சம்" என்றான். எங்கள் வம்சத்தில் மேடையேறியவன் அவன் ஒருவன்தான்.

"தாரணி கிரைண்டரு நின்னு போச்சு கண்ணு."

"கரகரன்னு சத்தம் வந்து, அப்புறம் டிரம்மு சுத்தாம நின்னுருக்குமுங்களே?"

"அதெப்படிடா அங்க உக்காந்துட்டே சொல்றே?"

"நான் புதுசு ஒண்ணு அனுப்பறனுங்க அப்பத்தா. அதைத் தூக்கி ஒரு மூலைல போட்டுருங்க. கடைக்கெல்லாம் கொண்டு போகாதீங்க. யாரையும் தொறக்க உடாதீங்க" என்றான்.

நோயாளியைப் பார்க்காமலே நோயைச் சொல்கிற டாக்டர் மாதிரி! தெருவில் எல்லாரிடமும் சொன்னேன். எனக்கு அலைச்சல் கூடாது என்றும் நினைக்கிறான் பிள்ளை.

ஆவணி 6, வெள்ளி

புளிக்குக் கொட்டை எடுத்தேன். போன நோம்பிப் பண்டிகைக்கு வாங்கிய எவர்சில்வர் கரண்டி, காம்பு கழன்று குழம்புக்குள் விழுந்துவிட்டது.

ஆவணி 7, சனி

அலைச்சல் கூடாது என்று பேரன் சொன்னால் நான் கேட்டுவிடுவேனா. சிவகாமியைக் கூட்டிக்கொண்டு, ஆட்டோவில் கிரைண்டரை ஏற்றி, சூலூரிலிருந்து, அதை வாங்கிய கோயமுத்தூர்க் கடைக்கே போய்விட்டேன். கடை மேனேஜர் சின்னப் பையன், கழுத்தில் பேர் மாட்டியிருந்தான், ஹரிகரன். அவன் ஆளை விட்டு அடியில் என்னமோ பார்க்கச் சொன்னான்.

"பாட்டிம்மா, வாரண்டி மோட்டாருக்குத்தாங்க. மோட்டார் ஜம்முனு இருக்கு. போனது கியருங்க."

"கியர் இல்லாம மோட்டாரை வெச்சுட்டு நான் என்ன பண்றது சாமி? பக்கத்துல உக்காந்து பாட்டுக் கேக்கறதா?"

"கியர் தேயற பொருளுங்க. செருப்பு தேயற மாதிரி."

"அப்ப பெட்டி மேல செருப்புன்னு போட்டிருக்கோணுமல்லோ! கிரைண்டருன்னு போட்டிருந்துச்சுன்னு வாங்கிப்போட்டேன்."

பக்கத்தில் குக்கர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். எனக்கு அதுவே போதும். "சரி, அந்தக் கியரைக் குடு, காசு தர்றேன்" என்றேன்.

"அந்த மாடலையே நிறுத்திட்டாங்க. ஸ்பேர் வர்றதில்லீங்க. எக்ஸ்சேஞ்சுல புது மாடல் எடுத்துக்கங்க."

"புது மாடல்ல கியர் எப்படி?"

"அதேதானுங்க. கலர் மட்டும் வேற."

நான் அங்கே விற்பனைக்கு வைத்திருந்த ஒரு பெரிய கறுப்பு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன். வழி சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அது உடம்பு பிடித்துவிடுகிற நாற்காலியாம். யார் எதை அழுத்தினார்களோ, என்னைப் போட்டு உலுக்க ஆரம்பித்துவிட்டது. நானும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசினேன். குரல் நடுங்கியது. வந்தவர்கள் எல்லாம் கிழவி அழுகிறாள் என்று நினைத்துச் சுற்றி நின்றுகொண்டார்கள். அதுவும் நல்லதாகத்தான் போயிற்று.

ஒருத்தி தன் வீட்டு இண்டக்ஷன் அடுப்பின் கதையைச் சொன்னாள். ஒருவர் வீட்டில் ரிமோட் தொலைந்ததும் ஃபேன் நின்றுவிட்டதாம், சுவரில் சுவிட்சே இல்லையாம். குக்கர்க்காரி வாங்க எடுத்த குக்கரைத் திரும்ப வைத்துவிட்டாள். ஹரிகரனுக்கு வேர்த்துவிட்டது.

"பாட்டிம்மா, கொஞ்சம் எந்திரிங்க, சத்தியமா என் கைல ஒண்ணுமில்லீங்க. கம்பெனிக்காரங்கதான் பாக்கணும்."

"அந்தக் கம்பெனில என்ற பேரன் இன்ஜினீயரு, தெரிஞ்சுக்க. நவநீதன்னு பேரு."

அவன் முகம் மாறியது. "நவநீதன் சாருங்களா? அப்ப சாரையே கேக்கலாமேங்க! அந்தக் கியரைப் பத்தி அவரை உட்டா வேற யாருக்குத் தெரியும்?" என்று ஒரு மாதிரி சிரித்தான்.

நான் பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தேன். கடைக்காரன் வரைக்கும் அவன் பேர் தெரிந்திருக்கிறது! வரும்போது சிவகாமி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோவின் ஆட்டம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

ஆவணி 9, திங்கள்

நாற்காலியில் நான் உலுங்கியதை யாரோ செல்போனில் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். மாராக்காள் காட்டினாள். காலையிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்தபடியே இருக்கிறது. ஒருத்தி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். நான் என்னமோ அதைச் சரிசெய்யப் போகிறவள் மாதிரி. டீச்சர்கூட வந்து தன் மிக்ஸியின் மூடி விரிந்துபோன கதையைச் சொன்னாள். துருவியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. இப்படி ஒரு நாள் எனக்கு அமைந்து வெகு காலமாகிறது.

தங்கவேல் மட்டும், "ஏம்மா, போதும் உடும்மா. பையன் வேலை பாக்கற எடம்" என்றான்.

"பையன் வேலை பாக்கற எடம்னுதான் சொல்றேன். இப்படிச் சாமான் செஞ்சா அவனுக்கல்லோ கெட்ட பேரு!"

அவன் சிவகாமியைப் பார்த்தான். சிவகாமி அடுப்பைப் பார்த்தாள்.

ஆவணி 12, வியாழன்

தாரணி பேசினாள். புது வீட்டுச் சமையலறையில் கிரைண்டர் மேடையில் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டியை வைத்துவிட்டார்களாம். "நல்லாத்தான் இருக்குதுங்க அப்பத்தா" என்று சிரித்தாள். சின்னப் பிள்ளையில் கீழே விழுந்து முட்டி கிழிந்தாலும் இப்படித்தான் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து இதைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும் என்று நவநீதனுக்குச் சொல்லிவிட்டேன். வருகிறேன் என்றான், மூன்றாவது தடவை கேட்ட பிறகு.

ஆவணி 15, ஞாயிறு

நவநீதன் வந்தான். கறி எடுத்துச் சமைத்தோம். போய்விட்டான். கை வலிக்கிறது, எழுதவில்லை.

ஆவணி 16, திங்கள்

கை வலிக்கவில்லை. எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் நாளைக்கு இது நடக்கவே இல்லை என்று நானே சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று சமையலறைத் தரையில் கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டு, நவநீதன் திருகுகளைக் கழற்றினான். உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு சக்கரம் வந்தது. பிளாஸ்டிக். ஒரு பக்கத்துப் பல்லெல்லாம் மழுங்கி, பொடிப் பொடியாக அவன் மடியில் உதிர்ந்தது.

"இந்தக் கனமான கல்லைச் சுத்தறதுக்குப் பிளாஸ்டிக்கா? எந்த மடையன்டா இந்த யோசனையைச் சொன்னது? அவன் பேரைச் சொல்லு. நேரா அவன் ஆபீசுக்கே போறேன். உலுக்கற நாற்காலியையும் தூக்கிட்டே போறேன்!"

நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவன் அந்தச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பருகில் இருந்து சிவகாமி, "சொல்லு நவநீ" என்றாள்.

"நான்தானுங்க அப்பத்தா. முந்தி இரும்புல இருந்துச்சு. நான்தான் மாத்துனேன். அந்த ஷீல்டு இதுக்குத்தான் குடுத்தாங்க."

என்னவெல்லாமோ சொன்னான். எல்லாக் கம்பெனியும் இப்படித்தானாம். ஓடிக்கொண்டே இருந்தால் புதுசு யார் வாங்குவார்களாம். சின்னக் குடும்பத்துக்கு ரெண்டு வருடம் வரும் என்று கணக்காம். தாரணி வீட்டில் எட்டுப் பேர் என்பதால் முன்னாலேயே போய்விட்டதாம். கணக்கு தப்பவில்லை என்கிற மாதிரியே சொன்னான்.

எனக்கு மார்கழியில் கடைக்குப் போனது ஞாபகம் வந்தது. நான், அவன், தங்கவேல் மூன்று பேரும் போனோம். பக்கத்தில் வேறு கம்பெனிக் கிரைண்டர் ஒன்று கனமாக நின்றது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எதுடா நல்லா உழைக்கும்?" என்று இவனைத்தான் கேட்டேன். "இதையே எடுங்க அப்பத்தா, உங்க காலம் முச்சூடும் ஓடும்" என்று இதைக் காட்டினான்.

"அன்னைக்கே தெரியுமாடா உனக்கு?"

"கடைக்காரங்கெல்லாம் என்னையே பாத்துட்டு நின்னாங்க. எங்க கம்பெனிது வேண்டாம்னு நான் எப்படிங்க சொல்றது?"

நான் கத்தவில்லை. கத்த வரவில்லை. அந்த இரும்புச் சக்கரம் இன்னும் கிடைக்குமா என்று கேட்டேன். பழைய ஸ்டோரில் ஒன்றிரண்டு கிடக்கும் என்றான்.

"எடுத்துட்டு பத்தொம்பதாம் தேதி பல்லடம் வா. அந்தச் சமையல்கட்டுல உக்காந்து மாட்டு. இது யாரு செஞ்ச வேலைன்னு நீயே சொல்லு."

"அத்தனை ஒறம்பரை முன்னாடியா?"

"ஷீல்டு வாங்கறப்ப எத்தனை பேரு இருந்தாங்க?"

கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். எப்போதும் கேட்டு வாங்கும் ஈரலைத் தொடவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆவணி 18, புதன்

போன் வரவில்லை. கிரைண்டரைத் துடைத்துச் சிவப்பு ரிப்பன் கட்டினேன். ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளைக்கு அது என்னோடு வருகிறது.

ஆவணி 19, வியாழன்

ஒன்றொன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

அதே கதிரேசனையே குட்டியானையோடு வரச் சொன்னேன். அவன் கையால் திருப்பிக் கொண்டுவந்தது, அவன் கையாலேயே போகட்டும் என்று. நாங்கள் போய்ச் சேரும்போது பால் காய்ச்சி முடிந்திருந்தது. பந்தலில் கூட்டம். வண்டியிலிருந்து கிரைண்டர் இறங்குவதைப் பார்த்ததும் மரகதம் எழுந்து வந்தாள்.

"வாங்க பெரியம்மா. ஏனுங், ஓடாத சாமானை எதுக்குங்க மறுபடியும் சொமந்துட்டு வர்றீங்க? எடம் இல்லைன்னு சொல்லி உட்டனே!"

"பூந்தொட்டிக்கு எடம் இருக்குதாமே அம்மிணி."

நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மரகதம் சிவந்துவிட்டாள். தாரணி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள், அண்ணன் வருகிறானா என்று. அவனைக் காணோம்.

முதல் பந்தி முடிந்தது. காணோம். ரெண்டாம் பந்திக்கு இலை போட்டார்கள். கிரைண்டர் ரிப்பனோடு கூடத்தின் நடுவில் நிற்கிறது, வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். மரகதம் யாரிடமோ, "ரிப்பன் மட்டும் நல்லா இருக்குது" என்றாள். தாரணி காதில் விழுகிற மாதிரிதான் சொன்னாள். அந்தப் பெண் குனிந்து, கழுவிய தம்ளர்களையே மறுபடியும் கழுவினாள். நான் ஒரு வாய் சாப்பிடவில்லை.

அப்போதுதான் பைக் வந்து நின்றது. நவநீதன். தோளில் ஒரு பை. கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய்ப் புதுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கூட்டம் பின்னாலேயே போயிற்று. பையிலிருந்து கறுப்பாக, எண்ணெய் மினுங்க, ஒரு இரும்புச் சக்கரத்தை எடுத்தான். அதை மாட்டித் திருகுகளை முடுக்கினான். எழுந்து நின்றான். காது சிவந்திருந்தது.

"அத்தெ, எல்லாரும் சித்த கேளுங்க. இதுல பிளாஸ்டிக் கியரு வெச்சது நான்தான். சீக்கிரம் போயிரும்னு எனக்கு அப்பவே தெரியும். அப்பத்தாளுக்குத் தெரியாது, தாரணிக்குத் தெரியாது. சீர்ல கொறை இல்லீங்க. கொறை என்மேல."

மழுங்கிப்போன வெள்ளைச் சக்கரத்தை மரகதம் கையில் நீட்டினான். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏந்தம்பி, அத்தனை படிப்புப் படிச்சு இதைத்தான் கண்டுபுடிச்சியா?"

"ஆமாங் அத்தெ."

அதற்குள் பின்னாலிருந்து மரகதத்தின் அக்கா, உடுமலைக்காரி, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "இரு இரு தம்பி! எங்க ஊட்லயும் இதே கிரைண்டருதான், போன வாரந்தான் நின்னுச்சு! என்ற மருமகதான் போட்டு உடைச்சுட்டான்னு அவளை நான் பேசாத பேச்சில்லையே!"

மருமகள் பின்னாலேயே நின்றிருந்தாள். "இப்பத் தெரிஞ்சுதுங்களா அத்தெ?" என்றாள். சமையலறையே சிரித்தது. அடுத்து ஒருத்தி, அடுத்து இன்னொருத்தி. பிள்ளையைச் சுற்றி வளைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி. உலுக்கற நாற்காலியில் இருந்தது நான்தானா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன்.

மரகதம்தான் எல்லாரையும் அடக்கினாள். "பேசுனாப் போதுமா? அரிசி போட்டாத்தான் தெரியும்." சாயங்காலத்துக்கு ஊறப்போட்டிருந்த அரிசியை அவளே அள்ளிப் போட்டாள். தாரணி சுவிட்சைப் போட்டாள். டிரம் ஒரு தரம் முனகியது. சுற்றியது. பிறகு நிற்கவே இல்லை. மாவு வெண்ணெய் மாதிரி வழிந்து வந்தது. மரகதம் விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பூந்தொட்டியைத் தூக்கித் தன் புருசன் கையில் கொடுத்து, "இதைக் கொண்டுபோய் எங்கியாச்சும் வைங்க. இங்க எடம் இல்லை" என்றாள்.

தாரணி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து இன்றைக்குத்தான் கேட்டேன். நான் மூன்றாம் பந்தியில் உட்கார்ந்து ரெண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆவணி 21, சனி

மனசு நிறைந்திருக்கிறது. அதனால் சிலரை மன்னித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மரகதத்தை மன்னித்துவிட்டேன், ஆறிய காப்பி உட்பட. அவள் திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால் எனக்கு ஒன்றுமே தெரியாமல் போயிருக்கும். கதிரேசனையும் மன்னித்தேன். ஹரிகரன் சம்பளத்துக்குப் பேசுகிற பையன். லலிதா டீச்சரைக்கூட, துருவி அவளிடமே இருந்து தொலையட்டும்.

மத்தியானம் நவநீதன் பேசினான். திரும்பவும் இரும்புக் கியர் போட வேண்டும் என்று ஆபீசில் சொன்னானாம். பெரியவர்கள் சிரித்தார்களாம். அடுத்த மாடல் வேலையிலிருந்து இவனை எடுத்துவிட்டார்களாம். ஆனாலும் விடப்போவதில்லை என்றான். வேளைக்குச் சாப்பிடு என்றேன். நோம்பிக்கு வரும்போது முறுக்கு சுட்டு வைக்கிறேன் என்றேன்.

"கோபம் போச்சுங்களா அப்பத்தா?"

மாவு பொங்கி வழிகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இன்று நான் மாவே ஆட்டவில்லை.

ஊருக்கெல்லாம் பிளாஸ்டிக் வைத்ததை அவன் ஊருக்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டான். அது அங்கேயே தீர்ந்தது. ஆனால் மார்கழியில் அந்தக் கடையில், கண்ணாடித் தரை வழுக்கும் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நின்றிருந்தேன். எது உழைக்கும் என்று கேட்டபோதும் அந்தக் கை என் கைக்குள்தான் இருந்தது. கடைக்காரர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால், என் விரலை லேசாக ஒரு அழுத்து அழுத்தியிருக்கலாம். எனக்குப் புரிந்திருக்கும். கூட்டத்தில் வீட்டுக்குப் போகலாம் என்பதற்குச் சின்ன வயதில் அவன் அப்படித்தான் எனக்குச் சொல்வான். அன்றைக்கு அழுத்தவில்லை.

எல்லாரையும் விட்டாயிற்று. ஒருவனை மட்டும் விட முடியவில்லை. என் மகன் தங்கவேலின் மூத்த பிள்ளை, நவநீதன்.